டிஸ்டார்ஷன் பெடலை மாற்றியமைத்த பிறகு வந்த இரைச்சல்: நான் பிடித்த விதம்

பாஸ் டிஎஸ்-1, அந்த ஆரஞ்சு நிற டிஸ்டார்ஷன் பெடல் (எலக்ட்ரிக் கிட்டாரின் ஒலியைக் கரகரப்பாக்கும், காலால் இயக்கும் சிறு பெட்டி), 1978-இல் சந்தைக்கு வந்தது. இன்றும் செகண்ட் ஹேண்டில் தாராளமாகக் கிடைக்கிறது. அதனால் பெடலைத் திறந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களில் பலரும் முதலில் கை வைப்பது இதில்தான். நானும் என்னுடையதில், பலர் செய்யும் இரண்டு மாற்றங்களைச் செய்தேன். பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, கனமாக வரட்டும் என்று ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்) பக்கத்தில் இருக்கும் 0.47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை எடுத்துவிட்டு 1 மைக்ரோஃபாரட் போட்டேன். ஒலியை வெட்டும் சிலிக்கான் டயோடு ஜோடிக்குத் துணையாக ஒரு சிவப்பு எல்.இ.டி ஜோடியைச் சேர்த்து, இரண்டில் எது வேண்டுமோ அதைத் தேர்ந்துகொள்ள டாகிள் சுவிட்ச் வைத்தேன்.

வாசிக்கும்போது அருமையாக இருந்தது. லோ-இ என்ற மிகத் தடிமனான கம்பியை உள்ளங்கையால் அமுக்கி அடித்தால் நெஞ்சில் இடித்தது. வாசிப்பதை நிறுத்தினால்தான் தொல்லை. ஆம்ப்பிலிருந்து (கிட்டார் ஆம்ப்ளிஃபையர்) வந்த இரைச்சலில் பக்கத்து அறையில் இருப்பவர்கூட எழுந்து வந்துவிடுவார்.

இந்த நிலையில் பலர் உடனே சோல்டரிங் அயர்னைச் சூடேற்றி, போட்ட பாகங்களை எல்லாம் மறுபடி கழற்றத் தொடங்குகிறார்கள். நான் அதைச் செய்யவே மாட்டேன். முதலில் காது, பிறகுதான் கை. டிஸ்டார்ஷனின் அளவைக் கூட்டிக் குறைக்கும் டிஸ்ட் குமிழை மெல்ல ஏற்றி இறக்கிக் கேட்டபோது, ஒன்றாகத் தெரிந்த இரைச்சல் தனித்தனியாகப் பிரிந்தது. அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு ஹம். அதன் மேல் கொசு பறப்பதுபோல் மெல்லிய விசில். 'உஸ்ஸ்' என்ற சீறல். டிஸ்ட் மூன்று மணி நிலையைத் தாண்டினால் 'வீல்' என்று ஓர் அலறல். எப்போதாவது 'படக் படக்' என்று ஒரு பொரிப்பு. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்திலிருந்து வருபவை. ஒரே வைத்தியத்தால் எல்லாமே தீராது.

டிஎஸ்-1-இல் சோதனைக்கு உதவும் வசதி ஒன்று இருக்கிறது. பெடலை ஆஃப் செய்தாலும் சிக்னல் நேராக வெளியே போய்விடாது. சிக்னல் பலவீனமாகாமல் கடத்தும் பஃபர் என்ற சிறு சர்க்யூட், உள்ளே நுழையும் இடத்தில் ஒன்றும் வெளியேறும் இடத்தில் ஒன்றுமாக, எப்போதும் வேலை செய்துகொண்டே இருக்கும். ஆகவே ஆஃபிலும் கேட்கிற சத்தம் பவரிலோ, கிரவுண்டிலோ, பஃபரிலோ இருக்கிறது. ஆன் செய்தால் மட்டும் வருவது கெய்ன் பகுதியை, அதாவது சிக்னலைப் பெருக்கும் பகுதியைச் சேர்ந்தது. என் பெடலில் கொசு விசில் ஆஃபிலும் கேட்டது. அடாப்டரைப் பிடுங்கி 9 வோல்ட் பேட்டரி போட்டேன். விசில் அந்த நொடியே போய்விட்டது. ஒரே மலிவு அடாப்டரிலிருந்து கிளை வயர் வழியாக இந்த பெடலும் எதிரொலி தரும் ஒரு டிஜிட்டல் டிலே பெடலும் பவர் எடுத்துக்கொண்டிருந்தன. டிலேயின் கடிகாரத் துடிப்பு பொதுவான கிரவுண்ட் வழியாக இங்கே ஏறிவந்தது. டிலேக்குத் தனி அடாப்டர் கொடுத்ததும் அந்தக் கதை முடிந்தது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஹம் போகிறது என்று ஆம்ப் பிளக்கின் எர்த் முள்ளை உடைப்பவர்களையும், எர்த் இல்லாத இரண்டு முள் கன்வெர்ட்டரில் செருகுபவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஆம்ப்பில் ஏதாவது பழுதானால் 230 வோல்ட் கிட்டார் கம்பி வழியாக உங்கள் கைக்கு வரும்.

அடுத்தது ஹம். கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்கினேன், ஹம் அடங்கியது. ஆக அது கிட்டாரிலிருந்து வருகிறது. ஆனால் மாற்றத்துக்கு முன்பு இதே சிங்கிள் காயில் கிட்டார் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பில் ஒரே கம்பிச்சுருள் இருப்பது) இவ்வளவு முனகியதில்லை. விடை நான் போட்ட கெபாசிட்டரில் இருந்தது. அது 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு சேர்ந்து, எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே கெய்ன் குறைய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. 0.47 இருந்தபோது அந்த எல்லை சுமார் 72 ஹெர்ட்ஸ். 1 போட்டதும் 34 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிட்டது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். முன்பு வாசலில் ஓரளவு தடுக்கப்பட்ட ஹம்முக்கு இப்போது கதவு திறந்திருந்தது.

எலக்ட்ரானிக்ஸ் பாகங்கள் விற்கும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் 0.68 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் கேட்டேன். "பாலியெஸ்டரா தம்பி? பாக்ஸ் டைப்தான் இருக்கு, பரவாயில்லையா?" என்றார் கடைக்கார அண்ணன். டிஎஸ்-1-இன் உள்ளே இடம் குறைவு என்பதால் பாக்ஸ் டைப்தான் எனக்கும் வசதி. அதைப் போட்டால் எல்லை ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸில் நிற்கிறது. பேஸ் கொஞ்சமே குறைந்தது, ஹம் தெளிவாகக் குறைந்தது. கிட்டாரின் பிக்கப் குழிக்குள் செம்புத் தகடு ஒட்டி அதை கிரவுண்டோடு இணைத்ததில் 'ஜிர்ர்' என்ற மேல் பகுதியும் போனது. சிங்கிள் காயில் காந்தப்புலத்தில் பிடிக்கும் ஹம்முக்குச் செம்பு உதவாது. ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மரை விட்டுத் தள்ளி நின்று, கிட்டாரைக் கொஞ்சம் திருப்பிப் பிடிப்பதுதான் வழி.

அலறலை கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. கிட்டார் வால்யூம் பூஜ்யத்திலும் அது நிற்கவில்லை. எனவே பெடலுக்குள்ளேயே பிறக்கிறது. அடித்தகட்டைக் கழற்றி, டிஸ்டை முழுக்க ஏற்றிவிட்டு, ஒரு தென்னை ஈர்க்குச்சியால் வயர்களை ஒவ்வொன்றாக நகர்த்தினேன். பச்சை வயரைத் தொட்டதும் அலறலின் சுருதி மாறியது. ஜாக் பக்கம் தள்ளினால் ஏறியது, எதிர்ப்பக்கம் இழுத்தால் நின்றேபோனது. அது டயோடுகளிலிருந்து டாகிள் சுவிட்சுக்குப் போகும் வயர். முதலில் டிரான்சிஸ்டர், பிறகு ஆப்-ஆம்ப் என்று இரண்டு படி பெருகி, ஏறத்தாழ ஆயிரம் மடங்கான சிக்னல் அதில் ஓடுகிறது. அது இன்புட் ஜாக்கின் அருகே படுத்திருந்தால், துளி கசிந்தாலும் திரும்பப் பெருகி ஊளையாகிவிடும். மெல்லிய ஷீல்டு வயரை வைத்து, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் கிரவுண்ட் செய்து, பெட்டியின் எதிர் ஓரமாகக் கொண்டுபோனேன். அதன் பிறகு டிஸ்டை முழுக்கத் திருப்பினாலும் அலறல் இல்லை.

பொரிப்புக்கு ஆடியோ புரோப், அதாவது சர்க்யூட்டில் தொட்டுத் தொட்டுக் கேட்கும் கருவி, உதவியது. பழைய கிட்டார் கேபிளின் ஒரு முனையை வெட்டி, நடுக்கம்பியில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரைச் சேர்த்து, அதன் காலையே ஊசியாக வைத்துக்கொள்ள வேண்டும். ஷீல்டை பெடலின் கிரவுண்டில் கிளிப் செய்து, மறுமுனையை ஆம்ப்பில் செருகினால் சர்க்யூட்டின் எந்தப் புள்ளியிலும் காது வைக்கலாம். போனிலிருந்து ஒரு பாட்டை இன்புட்டில் ஓடவிட்டு, படிப்படியாகத் தொட்டுக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் கெபாசிட்டரின் காலில் சுத்தமாகக் கேட்ட பாட்டு, அது சேர வேண்டிய ரெசிஸ்டரின் காலில் விட்டுவிட்டு வந்தது. பாகத்தைக் கழற்றும் சூட்டில் செம்புப் பாதை போர்டிலிருந்து மெல்லப் பெயர்ந்திருந்தது. இந்த மாதிரி போர்டுகளில் இது சகஜம். ஒரு துண்டு வயரால் இரண்டு கால்களையும் நேரடியாக இணைத்தேன்.

மிச்சம் சீறல். பலரும் பழியை எல்.இ.டி மேல் போடுவார்கள். கம்பியைத் தொடாமல் சுவிட்சை இரண்டு பக்கமும் தட்டிப் பாருங்கள், சீறல் மாறாது. எல்.இ.டி உயர்ந்த வோல்டேஜில்தான் வெட்டத் தொடங்குகிறது, அதனால் கூடுவது வாசிப்பின் சத்தம். வெளிவரும் சத்தத்துக்கான லெவல் குமிழைக் குறைத்தால் சீறலும் சேர்ந்தே குறையும். நல்ல ஆப்-ஆம்ப் போட்டால் சரியாகும் என்பதும் என் பார்வையில் வீண் செலவு. அதற்கு முன்பே டிரான்சிஸ்டர் படி சீறலைப் பெருக்கி அனுப்பிவிடுகிறது, பின்னால் வருவது எவ்வளவு சுத்தமானாலும் பயனில்லை. பலன் தந்தவை இரண்டு: அந்த முதல் படியில் கார்பனுக்குப் பதில் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்கள், டிஸ்ட் குமிழோடு இணையாக இருக்கும் 100 பிகோஃபாரட் கெபாசிட்டருக்குப் பதில் 220. முழு டிஸ்டில், எந்த அதிர்வெண்ணுக்கு மேலே கெய்ன் குறைகிறதோ அந்த உச்ச எல்லை சுமார் 16 கிலோ ஹெர்ட்ஸிலிருந்து 7 கிலோ ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்குகிறது. கிட்டார் ஸ்பீக்கர் அதற்கு மேல் பெரிதாக எதையும் தருவதில்லை என்பதால் ஒலியில் இழப்பு தெரியவில்லை.

கொஞ்சம் சீறல் இன்னும் இருக்கிறது. ஆயிரம் மடங்கு பெருக்கும் எந்த பெடலிலும் அது இருக்கத்தான் செய்யும். சிக்னல் தாழ்ந்ததும் சத்தத்தை அடைக்கும் நாய்ஸ் கேட் வாங்கவில்லை, நீட்டி விடும் சுரத்தின் வாலை அது கடித்துவிடுகிறது. பாட்டு முடிந்ததும் கிட்டாரின் வால்யூமைச் சுண்டுவிரலால் இறக்கிவிடுகிறேன்.