கை அறிந்த பாட்டு

வீணையில் பல ஆண்டுகளாக வாசித்துவரும் ஒரு வர்ணத்தை (பல்லவியும் சரணமும் ஸ்வரப் பகுதிகளும் கொண்ட கர்நாடக இசை உருப்படி) முதன்முறையாக வயலினில் எடுத்தால், ஸ்வரங்கள் மனத்தில் தெளிவாக ஓடிக்கொண்டிருக்கும்போதே விரல்கள் மட்டும் ஒன்றும் அறியாதவைபோல் தயங்கி நிற்கும். இரண்டையும் பயில்பவன் என்ற முறையில் இதை நான் நன்கறிவேன். ராகம், தாளம், ஸ்ருதி எதுவுமே மாறவில்லை. ஆனால் கை பழகி வைத்திருந்தது பாட்டை அன்று, அந்த ஒரு வாத்தியத்தின்மேல் அப்பாட்டு செல்லும் வழியை.

பாலபாடமான மாயாமாளவகௌளை ராகத்துச் சரளி வரிசையிலேயே இதைக் காணலாம். வீணையின் முதல் தந்தியான சாரணியை, மெட்டில் (தந்தியின்கீழ் உள்ள குறுக்குக் கம்பியில்) விரல் வைக்காமல் மீட்டினால் ஸ. பிறகு 1ஆம் மெட்டில் ரி, 4இல் க, 5இல் ம, 7இல் ப, 8இல் த, 11இல் நி, 12இல் மேல் ஸ என்று ஒரே தந்தியின் நெடுக இடக்கை பயணம் செய்கிறது. வயலினிலோ ஸ ரி க ம ஒரு தந்தியோடு முடிந்துவிட, அதே விரல்கள் அதே இடைவெளிகளில் அடுத்த தந்தியில் விழுந்தால் ப த நி ஸ கிடைத்துவிடும். கை இருந்த இடத்தைவிட்டு நகர வேண்டியதில்லை. கமகம் என்னும் ஸ்வர அசைவு வந்தாலோ வேறுபாடு இன்னும் கூடுகிறது. தோடி ராகத்தின் காந்தாரத்துக்கு (க) வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கிறோம். வயலினில் விரலைத் தந்தியின்மேல் வழுக்குகிறோம். எவ்வளவு இழுத்தால் ஸ்வரம் சேரும் என்று விரலுக்குத் தெரிந்த அந்த அழுத்தக் கணக்கு வயலினில் எதற்கும் பயன்படாது.

கீபோர்டின் சங்கடம் வேறு வகையானது. வீணையில் ஸ்ருதியை மாற்றினாலும் மெட்டுகளின் வரிசை மாறாது. கீபோர்டில் 1 கட்டை ஸ்ருதியில் (C) மாயாமாளவகௌளைக்கு இரண்டு கருப்பு விசைகள் போதும். 5 கட்டை ஸ்ருதிக்குப் (G) போனால் மூன்று வேண்டும், விரலமைப்பே மாறிவிடும். (விரலமைப்பை மாற்றாமலே ஸ்ருதியை மாற்றித்தரும் டிரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கிறதே என்பார்கள், அது கையைக் காப்பாற்றும், காதைக் குழப்பும்.)

தசைநினைவு என்று நாம் சொல்லும் இப்பழக்கம் உண்மையில் சிறுமூளை, மூளையின் அடித்தள முடிச்சுகள் போன்ற பகுதிகளைச் சார்ந்தது. நேற்று நடந்ததை நினைவில் வைக்கும் ஏற்பாட்டிலிருந்து பெரிதும் தனித்து இயங்குவது. 1985இல் மூளையழற்சியால் நினைவாற்றலைப் பெரும்பாலும் இழந்த பிரிட்டிஷ் இசைக்கலைஞர் கிளைவ் வேரிங்கால், சில நிமிடங்களுக்கு முன் நடந்ததைக்கூடத் தக்கவைத்துக்கொள்ள இயலாத நிலையிலும் பியானோ வாசிக்க முடிந்தது இதனால்தான்.

கைப்பழக்கத்தின் பலவீனம் வர்ணத்தின் சரணத்தில் வெளிப்படும். ஒவ்வொரு எத்துக்கடை ஸ்வரமும் (சரண வரிக்குப்பின் வரும் ஸ்வரக் கோவை) முடிந்து அதே சரண வரிக்குத் திரும்புவதால், அடுத்து வரவேண்டியது இரண்டாவதா மூன்றாவதா என்று கைக்குத் தெரியாது. வழக்கமாக எதன்பின் எது வந்ததோ அதை நம்பியே அது ஓடுகிறது. நடுவில் யாராவது நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து எடுக்கச் சொன்னால், முற்பகுதியில் வரும் முக்தாயி ஸ்வரத்துக்கோ பல்லவிக்கோ திரும்பிப் போய்த்தான் பலர் தொடங்குகிறார்கள். வழக்கமான வேகத்தில் தடையின்றி வரும் ஒரு ஸ்வரத் தொடர், பாதி வேகத்தில் வாசித்தால் தடுமாறுவதும் உண்டு.

வாத்தியம் கற்பிக்கும் ஆசிரியர்கள் முதலில் வாயால் பாடச் சொல்வதன் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு வாத்தியத்திலிருந்து இன்னொன்றுக்குக் கடந்து செல்வது பாடத் தெரிந்த ஸ்வரமே. ஆகவே, வீணையில் உள்ள ஒன்றை வயலினுக்குக் கொண்டுவருமுன், இரண்டையும் தொடாமல் தாளம் போட்டுக்கொண்டு ஸ்வரமாகவே மெதுவாகப் பாடிப் பார்க்கிறேன். நாக்கு நிற்கும் இடங்களைப் புத்தகத்தில் பென்சிலால் குறித்துவைத்து, அந்த ஆவர்த்தனங்களை (தாளச் சுற்றுகளை) மட்டும் தனியே பாடிச் சரிசெய்த பிறகே வில்லை எடுக்கிறேன்.