அஸ்தம்பட்டி மொட்டை மாடியிலிருந்து கிளாஸ்கோவில் நடந்தோம்

போன வருடம் மகளுக்கு ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் எம்.எஸ்சி. படிக்க இடம் கிடைத்தது. சீட்டை உறுதி செய்ய முன்பணம் கட்டச் சொன்னார்கள். சேலம் அஸ்தம்பட்டியில் லேத் பட்டறை வைத்திருக்கிற எங்களுக்கு அது சின்னத் தொகை இல்லை. "கண்ணால பார்க்காத இடத்துக்கு எப்படிம்மா பணம் கட்டறது?" என்றார் என் கணவர். எனக்கும் அதே கவலைதான். நேரில் போய்ப் பார்க்க வசதி கிடையாது. ஏஜென்ட் அனுப்பிய வீடியோவில் எங்கு பார்த்தாலும் வெயிலும் புல்வெளியும். மகள் தங்கப்போவதோ ஒரு முழுக் குளிர்காலம். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு.

அவளுடைய கல்லூரி சீனியர் ஒருத்தி, ஆத்தூர்ப் பெண், அங்கே படித்துக்கொண்டிருந்தாள். "நீ தினமும் நடக்கிற வழியில் போனைப் பிடித்துக்கொண்டு நடப்பாயா கண்ணு?" என்று கேட்டேன். உடனே சரி என்றாள். டிசம்பர் நடுவில் ஒரு நாள், நமக்கு இரவு ஏழரை, அவளுக்கு மதியம் இரண்டு மணி. வீட்டுக்குள் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பதால் மொட்டை மாடிக்குப் போய்விட்டோம். சேர்வராயன் மலை இருட்டில் கோடு மாதிரி தெரிந்தது. மலைப்பாதையில் ஒன்றிரண்டு வண்டி வெளிச்சம்.

முதலில் பழைய கட்டடம். 1451இல் தொடங்கிய பல்கலைக்கழகம். இப்போதுள்ள கில்மோர்ஹில் மேட்டுக்கு 1870இல்தான் வந்திருக்கிறது. பழைய இடத்தில் 1690இல் கட்டிய கல் படிக்கட்டைக் கூடவே பெயர்த்து எடுத்து வந்து வைத்திருக்கிறார்கள். கைப்பிடிச் சுவரில் ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் ஒற்றைக்கொம்புக் குதிரை. அந்தப் பெண் போனைக் கீழே இறக்கி, மழையில் நனைந்து மின்னிய படிகளைக் காட்டினாள். "வழுக்குமா?" என்றேன். "கிரிப் உள்ள ஷூ போட்டா பயமில்ல ஆன்ட்டி" என்றாள். அதைக் குறித்துக்கொண்டேன்.

உள்ளே ஹன்டேரியன் மியூசியம். அங்கேதான் என் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நீராவி இன்ஜினை மேம்படுத்திய ஜேம்ஸ் வாட் 1763 வாக்கில் பழுது பார்க்க எடுத்துக்கொண்ட மாடல் அங்கே இருக்கிறது; அவருக்கு முன்பே நியூகோமன் என்பவர் உருவாக்கிய பழைய வகை நீராவி இன்ஜினின் மாடல் அது. அதைச் சரி செய்யும்போதுதான், ஒவ்வொரு தடவையும் சிலிண்டரையே குளிர வைப்பதால் நீராவி இவ்வளவு வீணாகிறது என்று அவருக்குப் பட்டது. 1765இல் கிளாஸ்கோ ஊர் மைதானத்தில் நடந்துகொண்டிருந்தபோது, நீராவியைத் தனிக் கலத்தில் குளிர வைக்கலாம் என்ற யோசனை வந்தது. மகள் சேரப்போகும் பிரிவுக்கே ஜேம்ஸ் வாட் பெயர்தான். "இன்னும் கிட்ட காட்டு பாப்பா, அந்தச் சிலிண்டரை" என்று இவர் இரண்டு முறை கேட்டார். முப்பது வருடமாக இரும்பு கடையும் மனிதர். அந்த மாடலைப் பார்த்ததும் குரல் மாறிவிட்டது.

அப்புறம் நான் விரும்பியது. "இனிமேல் எதுவும் சொல்லாதே, சும்மா நட" என்றேன். காற்று போனில் இரைந்தது. யுனிவர்சிட்டி அவென்யூவைக் கடந்து நூலகத்துக்கு ஏறும் தெரு மேடுதான். ஏறும்போது அவள் மூச்சு வாங்குவது கேட்டது. மகளைப் பார்த்தேன். "இன்ஹேலர் பையிலயே இருக்கும்மா" என்றாள். நான் கேட்காமலே.

நூலக வாசலில் போன் அணைந்துவிட்டது. இருபது சதவீதம் சார்ஜ் இருந்தும், குளிரில் பேட்டரி படுத்துவிட்டதாம். பத்து நிமிடம் உள்சட்டையில் வைத்துச் சூடாக்கி மறுபடி கூப்பிட்டாள். யாராவது இப்படிச் செய்வதாக இருந்தால் பவர் பேங்க் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு நூலகத்துக்குள் மாடி மாடியாகக் காட்டினாள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, நல்ல வசதி. வெளியே வந்தபோது மணி நான்குகூட ஆகவில்லை, தெருவிளக்கு எரிந்தது. டிசம்பரில் அங்கே மூன்றேமுக்காலுக்கே சூரியன் மறைந்துவிடும் என்று படித்திருந்தேன்; கண்ணால் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. நூலகத்திலிருந்து தன் அறை வரைக்கும் போனை இறக்காமல் நடந்தாள். எந்த முனையில் ஆள் நடமாட்டம் குறைகிறது, எந்தக் கடை திறந்திருக்கிறது, ஹில்ஹெட் சுரங்க ரயில் நிலையத்துக்கு எங்கே திரும்புவது, எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். ஒரு இடத்தில் மட்டும் விளக்கு மங்கல். "இந்த வழி வேண்டாம், ராத்திரியில் சுற்றிப் போ" என்று அவளுக்கும் சேர்த்துச் சொன்னேன். "நானும் அப்படித்தான் போறேன் ஆன்ட்டி" என்றாள். அந்த ஒரு பதிலில்தான் எனக்குத் தைரியம் வந்தது.

நூலக வாசலிலிருந்து அறைக் கதவு வரை பதினான்கு நிமிடம்.

மறுநாள் விடியற்காலை மகள் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு ஏற்காடு ரோட்டில் நடந்தாள். நான் கைக்கடிகாரத்தோடு பின்னால். பதினான்காவது நிமிடத்தில் ஒரு டீக்கடை வாசலில் நின்றோம். மூச்சு சீராக இருந்தது. இரண்டு டீ சொல்லிவிட்டு அங்கிருந்தே அவருக்குப் போன் போட்டு, பேங்க் திறந்ததும் பணத்தைக் கட்டிவிடச் சொன்னேன்.