அந்த சாம்பல் கலர் நான் பண்ணது

"டிஃபால்ட் டிரெஸ் ரொம்ப நல்லாருக்கு தம்பி, அதான் பிரச்சினையே"ன்னு எங்க கேம் டீமோட லீட் சொன்னப்ப நான் முதல்ல அதைப் பாராட்டுன்னுதான் எடுத்துக்கிட்டேன். அப்புறம்தான் புரிஞ்சுது. கேமுக்குள்ள இருக்கிற ஷாப்ல கேரக்டருக்குப் போட காசுக்கு விக்கிற டிரெஸ் பக்கத்துல நிறுத்துனா, எல்லாருக்கும் இலவசமா குடுக்குற நான் பண்ண டிஃபால்ட் டிரெஸ் தோக்க மாட்டேங்குது, அதைத் தோக்க வைக்கணும்னு கேக்குறாரு. கலரை எறக்கு, தோள்ல இருக்கிற அந்தத் தையல் டீட்டெய்லை எடுத்துடு, அவ்ளோதான்னாரு. நான் "சரிண்ணா"ன்னேன்.

அந்த ஒரு சரிண்ணாவைத்தான் இன்னும் மனசுக்குள்ள ஓட்டிப் பாத்துக்கிட்டே இருக்கேன்.

வேலை அரை நாள்கூட ஆகல. கலரோட அழுத்தத்தை, அதாவது சாச்சுரேஷனைக் கொறைச்சேன், துணியோட சொரசொரப்பைக் காட்டுற ரஃப்னஸை ஏத்துனேன், வெளிச்சம் பட்டா மின்னுற இடத்தையெல்லாம் மங்க வச்சேன். ரெண்டு வாரம் உக்காந்து துணி மாதிரி கொண்டுவந்ததை மதிய சாப்பாட்டுக்குள்ள சாக்கு மாதிரி ஆக்கிட்டேன். இதுல எனக்கு வருத்தம் இருந்துச்சுதான், ஆனா அது என் வேலை கெட்டுப்போச்சேங்கிற வருத்தம், ஆடுறவங்களைப் பத்தி அன்னிக்கு நான் யோசிக்கல.

அதே மீட்டிங்லதான் இன்னொண்ணும் முடிவாச்சு. அதுவரைக்கும் எங்க கேம்ல கலர் வீல் இருந்துச்சு, யார் வேணா எந்தக் கலர் வேணா வச்சுக்கலாம். அடுத்த அப்டேட்ல வீல் போயிடும், சாம்பல், காக்கி மாதிரி ஆறு கலர் மட்டும் இலவசம், மீதியெல்லாம் பேக் பேக்கா பிரிச்சு காயினுக்கு. அப்ப மட்டும் நான் ஒரு கேள்வி கேட்டேன், "ஏற்கெனவே கலர் வச்சிருக்கிறவங்களுக்கு அது அப்படியே இருக்குமாண்ணா?" "அதைப் பாத்துக்கலாம்"னாரு. எங்க ஆபீஸ்ல பாத்துக்கலாம்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ரெண்டாவது தடவை கேக்கல.

ஏன் கேக்கலன்னு எனக்கு நானே சொல்லிக்கிற காரணங்கள் நெறைய இருக்கு, அதுல எதுவும் பொய்யில்ல. கேம் இலவசம். ஆடுறவங்கள்ல பெரும்பாலானவங்க ஒரு ரூபா கட்ட மாட்டாங்க, கட்டுற கொஞ்சப் பேரை வச்சுதான் செர்வர் ஓடுது, எங்களுக்கு சம்பளம் வருது. அதுவும் துப்பாக்கியோட பவரை விக்கல, துணியைத்தான் விக்கிறோம். 2017ல ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2 வந்தப்ப காசுக்கு வாங்குற பெட்டியில பலமே கிடைக்கும்னு வச்சு, ஆடுறவங்க கொதிச்சு, கேம் வெளியாகுறதுக்கு முந்தி அவசர அவசரமா காசு வாங்குறதையே நிறுத்தி வச்சாங்க, அடுத்த வருஷம் திரும்ப ஆரம்பிச்சப்ப வெறும் தோற்றத்துக்கு மட்டும்னாங்க. அதுலருந்து எங்க தொழில்ல எல்லாருக்கும் ஒரு பழக்கம், "காஸ்மெட்டிக்தானே", அதாவது வெறும் தோற்றம்தானேன்னுட்டா பேச்சு முடிஞ்சுது. நானும் அப்படித்தான் பேசிட்டிருந்தேன். இன்னிக்கும் பவரை விக்கிறதைவிட இது மேல்னுதான் நினைக்கிறேன்.

அப்டேட் போன ரெண்டாவது வாரம் சப்போர்ட்ல இருக்கிற பொண்ணு ஒரு மெசேஜை எனக்கு ஃபார்வர்ட் பண்ணுச்சு. தமிழ்ல இருந்ததால "அண்ணா நீங்களே படிச்சுப் பாருங்க, என்ன பதில் போடறது"ன்னு கேட்டுச்சு. எழுதுனவங்க நாலு பேரு, பாலிடெக்னிக்ல ஒண்ணா படிச்சவங்க, இப்ப ஆளுக்கொரு ஊர்ல வேலை. சனிக்கிழமை ராத்திரி மட்டும் சேந்து ஆடுவாங்க, நாலு பேருக்கும் ஒரே கிளிப்பச்சை. புகைக்குண்டு போட்டா அந்தப் பச்சையை வச்சுதான் நம்மாளுன்னு கண்டுபிடிப்போம்னு எழுதியிருந்தாங்க. இப்ப மூணு பேரு பேக் வாங்கிட்டாங்க, ஒருத்தனுக்கு இப்போதைக்கு வேலை இல்ல. நாங்க வாங்கித் தர்றோம்னா வேணாங்கிறான், அவன் மட்டும் சாம்பல் கலர்ல வர்றான், போன வாரம் வரவே இல்ல. திட்டெல்லாம் எதுவும் இல்ல. அந்தப் பச்சையை மட்டும் திருப்பிக் குடுக்க முடியுமான்னு கேட்டிருந்தாங்க.

அந்தப் பச்சைன்னா என்னன்னு எனக்குத் தெரியும், திரையில கலரை வரையுற சின்ன புரோகிராமான ஷேடர்ல மூணு நம்பர். எந்த இடத்துல கலர் ஏறணும்னு காட்டுற மாஸ்க் டெக்ஸ்சர் ஏற்கெனவே இருக்கு, அதுக்கு மேல எந்தக் கலர் வந்தாலும் யாரும் புதுசா ஒரு நிமிஷம்கூட வேலை செய்ய வேண்டியதில்ல. 2006ல ஆப்லிவியன்ங்கிற கேம்ல குதிரைக்குக் கவசம்னு ரெண்டரை டாலருக்கு வித்தாங்க, ஊரே சிரிச்சுது, ஆனா அதையாவது யாரோ ஒருத்தர் உக்காந்து செஞ்சாங்க, அதுக்கு முன்னாடி அது ஆடுறவன் கையில இருந்ததும் இல்ல. நாங்க வித்தது அவங்க கையில இருந்து எடுத்ததை. ஹேலோ இன்ஃபினிட் 2021ல வந்தப்பவும் இதே சண்டைதான், முந்தைய ஹேலோவுல மல்டிபிளேயர்ல நம்ம இஷ்டத்துக்குக் கலர் வச்சுக்கலாம், இதுல அதைக் கோட்டிங்னு பேர் மாத்தி நெறைய கலரை ஷாப்புக்குக் கொண்டுபோயிட்டாங்க. அப்ப ஆடுறவங்க பக்கம் நின்னு என் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட அவ்ளோ பேசுனவன் நான்.

காஸ்மெட்டிக்கால ஆட்டம் மாறாதுன்னு சொல்றதுலயும் இப்ப எனக்கு நம்பிக்கை இல்ல. கால் ஆஃப் டூட்டி வார்ஸோன் கேம்ல ரோஸ்னு ஒரு ஸ்கின், அதாவது கேரக்டரோட தோற்றம், முழுக் கறுப்பு, இருட்டு மூலையில நின்னா தெரியாது, காசு குடுத்து ஜெயிக்கிறதுன்னு எல்லாரும் சத்தம் போட்டு 2021ல அதை வெளுப்பாக்க வேண்டியதாச்சு. எங்க கேம்லயும் அந்த நாலு பேரு புகைக்குள்ள ஒருத்தரை ஒருத்தர் பாத்தது கலரை வச்சுத்தானே. ஆனா நிஜமாச் சொன்னா என்னை உறுத்துறது அதுவும் இல்ல. இந்தச் சாம்பலைப் போட்டுக்கிட்டு வர்றதுக்கு ஒருத்தன் கூச்சப்படுறான். கூச்சப்படணும்னு யாரும் சொல்லல, மீட்டிங்ல அந்த வார்த்தையே வரல, ஆனா பக்கத்துல நிறுத்துனா மங்கலாத் தெரியணும்னு சொன்னாங்க, நான் செஞ்சேன். ஃபோர்ட்நைட்ல இலவச டிரெஸ்ல வர்ற பசங்களை மத்த பசங்க "டிஃபால்ட்"னு கேலி பண்றது எனக்குத் தெரியாததா என்ன.

அந்த மெசேஜை எடுத்துக்கிட்டு லீட்கிட்ட போனேன். முழுசாப் படிச்சாரு. கெட்டவரெல்லாம் கிடையாது, என் கல்யாணத்துக்கு மூணு நாள் முன்னாடியே வந்து நின்னவரு. "கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா நாலு பேர்ல மூணு பேர் வாங்கியிருக்கானுங்களே தம்பி"ன்னாரு. எனக்குப் பதில் வரல. அவர் சொன்ன கணக்கு சரிதான், ஆனா அந்த மூணு பேரு ஆசைப்பட்டா வாங்குனாங்க? இருந்ததைத் திரும்ப வாங்குனாங்க. இது எனக்கு ராத்திரி வீட்டுக்கு வந்தப்புறம்தான் தோணுச்சு. அப்பவே தோணியிருந்தா சொல்லியிருப்பேனான்னா, தெரியல. வீட்டு லோன் ஓடிட்டிருந்துச்சு.

சப்போர்ட்லருந்து வழக்கமான பதில்தான் போச்சு, உங்க கருத்தை டீமுக்குத் தெரியப்படுத்திட்டோம்னு. டீம்னா நான்தான்.

போன மாசம் வேற ஒரு கம்பெனியில இன்டர்வியூ. போர்ட்ஃபோலியோவுல நான் வச்சிருக்கிறது பழைய டிரெஸ், தையல் மின்னுற, கலர் ஏத்தமா இருக்கிற அந்த முதல் வெர்ஷன். எதிர்ல இருந்தவங்க அதைப் பெருசாக்கிப் பாத்துட்டு, துணி பிரமாதமா வந்திருக்கே, இலவசத்துக்கே இதைக் குடுக்குறீங்களான்னு கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டேன்.