இழுப்புக்கு முந்திய நொடிகள்

வலிப்பு எப்படி வந்தது என்று வீட்டாரிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான். "விழுந்துட்டான் மிஸ்ஸி, கை கால் இழுத்துச்சு, வாயில நுர தள்ளுச்சு." மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு கிளினிக்கில் தாதியாக இருக்கிறேன். வருபவர்களில் பலர் சுற்றுவட்டாரத் தோட்டத்துக்காரர்கள். உடம்பு முழுக்க இழுக்கும் நேரத்தில் வலிப்பு மூளையின் இரு பக்கமும் பரவியிருக்கும். அது புறப்பட்ட இடத்தைக் காட்டிக்கொடுப்பது அதற்கு முந்திய சில நொடிகள்.

பொருத்தமான இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் கொடுத்தும் நிற்காவிட்டால் மருந்துக்கு அடங்காத வலிப்பு என்பார்கள். வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த நிலை. மூன்றாவது, நான்காவது மாத்திரைக்கு நிற்கும் வாய்ப்பு குறைவு. அப்புறம்தான், அறுவை செய்ய முடியுமா என்று பார்க்க, வலிப்பு புறப்படும் இடத்தைத் தேடும் வேலை.

செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் ஓர் அம்மா தன் மகனைக் கூட்டி வந்திருந்தார். கையில் மந்திரித்த கயிறு, பையில் பல வருட மாத்திரை அட்டைகள்.

"விழறதுக்கு முன்னால என்ன பண்ணுவான்க்கா?"

"வயித்துலேர்ந்து என்னமோ ஏறுதும்பான். அப்புறம் பேச்சு இருக்காது. வாயை மென்னுக்கிட்டே இருப்பான். வலது கை சட்டையைப் பிராண்டும், இடது கை முறுக்கிக்கும்."

எந்த மருத்துவ அறிக்கைக்கும் குறையாத விவரம் அது. வயிற்றிலிருந்து ஏறும் உணர்வும் வாய் மெல்லுவதும் நெற்றிப்பொட்டுப் பக்கத்து மூளை மடலை, அதாவது பொட்டுமடலை, சுட்டும். இடது கை முறுக்கினால் சந்தேகம் மூளையின் வலப்பக்கம். அவர் சொன்னதை அப்படியே எழுதிக் கோலாலம்பூருக்கு அனுப்பினோம்.

அங்கே வார்டில் சில நாள் படுக்க வைத்து, தலையில் மின்முனைகள் ஒட்டி, கேமராவும் ஓடவிட்டு, கண்காணிப்பில் மருந்தைக் குறைத்து வலிப்பு வரக் காத்திருப்பார்கள். பிள்ளைக்கு வலிப்பு வரட்டும் என்று உட்கார்ந்திருப்பது பெற்ற மனதுக்கு லேசான காரியமில்லை. அந்தப் பையனின் ஸ்கேனில் வலது ஹிப்போகேம்பஸ், பொட்டுமடலின் உள்ளே நினைவாற்றலுக்கு உதவும் பகுதி, சுருங்கியிருந்தது. வீடியோவும் மின்பதிவும் அதே பக்கத்தைக் காட்டின. இப்படி எல்லாம் ஒத்துப்போகாதபோது, மண்டையில் சிறு துளைகளிட்டு மெல்லிய மின்முனைகளை ஆழத்துக்கு இறக்கிப் பார்ப்பார்கள். பாரிஸில் தலைராக், பான்கோ என்ற இருவர் வளர்த்த முறை.

அறுவை சிகிச்சை என்றதும் அந்த அம்மா பயந்தார். 2001-இல் வெளிவந்த கனடிய ஆய்வைப் பற்றிச் சொன்னேன். பொட்டுமடல் வலிப்புள்ள 80 பேரில் பாதிப்பேரை அறுவைக்கும் மீதிப்பேரை மருந்துக்கும் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஓராண்டில் நினைவு தப்பும் வலிப்பு நின்றது அறுவைப் பிரிவில் 58 சதவீதம், மருந்துப் பிரிவில் 8 சதவீதம். நினைவாற்றல் குறையக்கூடும் என்பதையும் மறைக்கவில்லை. வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது வருகிற எல்லோரிடமும் கேட்கிறேன். ஆரம்பித்ததுமே போனில் படம் எடுங்கள், தெளிந்து பேசும் வரை நிறுத்தாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தெளிந்த பிறகும் பேச்சு வர வெகுநேரமானால் வலிப்பு புறப்பட்டது பெரும்பாலும் மூளையின் இடப்பக்கம். கையில் இரும்புச் சாவி வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் படத்தை விட்டுவிட்டு 999-ஐக் கூப்பிடுங்கள்.