டோக்கியோவுக்குச் சென்ற நிக் ஆடம்ஸ்

1965-இல் வெளிவந்த காட்சில்லா படத்தில், தன்னைக் காதலித்ததற்காக வேற்றுக்கிரகப் பெண் கண்ணெதிரே அழிக்கப்படும்போது அமெரிக்க நடிகர் நிக் ஆடம்ஸ் கொதித்தெழும் காட்சியை இன்றிரவு பார்த்துவிட்டு, வெகுநேரம் அப்படியே அமர்ந்திருந்தேன்.

படப்பிடிப்பில் அவர் ஆங்கிலத்தில் பேச, எதிரே அந்த வேற்றுக்கிரகப் பெண்ணாக நடித்த குமி மிசுனோ ஜப்பானிய மொழியில் பேசினார். மொழிமாற்றக் குரல்கள் பின்னர்தான் சேர்க்கப்பட்டன.

ஆயினும் ஆடம்ஸின் முகத்தில் ஒரு கணம்கூடப் பொய் இல்லை.

1963-ஆம் ஆண்டுப் படமொன்றுக்காகச் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கார் பரிந்துரையைப் பெற்றவர், இரண்டே ஆண்டுகளில் ஜப்பானின் டோஹோ திரைப்பட நிறுவனத்திற்காக இயக்குநர் இஷிரோ ஹோண்டாவின் இரு அரக்கப் படங்களில் நடித்ததை வீழ்ச்சி என்பார்கள்.

எனக்கு அதில் உடன்பாடில்லை. ரப்பர் உடையணிந்தவர்கள் பொம்மை நகரங்களை மிதித்துச் செல்லும் கதையிலும், அவர் ஆஸ்கார் படத்துக்குரிய அதே முனைப்போடுதான் நடித்திருக்கிறார்.

1968-இல் இறந்தபோது அவருக்கு வயது 36.