தயங்குகிறவளா, தயக்கம் வருகிறவளா

ஆபா (மூத்த பெண்மணியை உருதுவில் அப்படித்தான் அழைப்போம்) ஒரே ஒரு தடவைதான் சொன்னார். "'தும்ஹே ஜிஜக் ஹோதி ஹை'ன்னே வெச்சிடு பேட்டி. பையனுக்கும் பொண்ணுக்கும் ஒரே வாக்கியம் போதும்." 'பேட்டி' என்றால் மகளே; அந்த உருது வாக்கியத்துக்கு 'உனக்குத் தயக்கம் வருகிறது' என்று பொருள். நான்தான் கேட்கவில்லை.

உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் உருவாக்கிய ஆளுமைச் சோதனை ஒன்றை உருதுவில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தோம். அதில் 142 கேள்விகள், 14 பண்புகள். 12 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கானது. தமிழில் 'நீ தயங்குவாயா?' என்றால் யாரைக் கேட்டாலும் அதே வினை. உருதுவில் பையனிடம் 'ஜிஜக்தே ஹோ', பெண்ணிடம் 'ஜிஜக்தி ஹோ'. ஆபா சொன்ன வடிவத்தில் வினை 'ஜிஜக்' என்ற சொல்லோடு இயைந்துவிடும்; கேட்கப்படுவது ஆணா பெண்ணா என்ற பேச்சுக்கே இடமில்லை. வாணியம்பாடியில், வீட்டில் உருது பேசி வளர்ந்தவள் நான். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் 'உனக்குத் தயக்கம் வருமா' என்றால் அது எப்போதாவது வந்து போவது. 'தயங்குவாயா' என்றால்தான் சுபாவம். சோதனை கேட்பது சுபாவத்தை. அதனால் பையன்களுக்கு ஒரு தாள், பெண்களுக்கு ஒரு தாள் என்று அடித்தோம். அந்த வாதம் தப்பென்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

மறுமொழிபெயர்ப்பிலும் எதுவும் இடறவில்லை. 1970-இல் உளவியலாளர் பிரிஸ்லின் எழுதிய கட்டுரையைக் காட்டி எல்லோரும் செய்வதுதான்: மூலத்தைப் பார்க்காத ஒருவர் உருதுவை ஆங்கிலத்துக்குத் திருப்புவார், நாம் ஒப்பிடுவோம். இரண்டு தாளும் ஒரே ஆங்கில வாக்கியமாகத் திரும்பி வந்தன. ஆங்கிலத்தில் அந்தத் 'தி' இல்லை. எங்கே போய்த் தெரியும்?

ஹைதராபாத் பழைய நகரத்துப் பள்ளி ஒன்றில் முன்னோட்டம். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. பென்சில் இல்லாதவர்களுக்கு வாங்கிக் கொடுத்தது, பெஞ்சை இழுத்துப் போட்டது, எத்தனை மணிக்கு விடுவீர்கள் என்று என்னைக் கேட்டது எல்லாம் அவள்தான். புதியவர்கள் முன்னால் பேசத் தயங்குவாயா என்ற கேள்விக்கு 'ஆம்' போட்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"பொண்ணுங்கன்னா தயங்குவாங்கதானே மேடம்? கேள்வியிலேயே அப்படித்தானே போட்டிருக்கு."

"நீ எப்படியோ அதைப் போடும்மா" என்றேன்.

அழித்தாள். 'இல்லை' போட்டாள். ரப்பர் போன இடத்தில் தாள் சாம்பல் நிறத்தில் மெலிந்து நின்றது.

முன்னோட்டத்தில் ஏன் என்று கேட்கலாம். விடையை மாற்ற வைக்கக் கூடாது. அவளுக்கு நல்லது செய்தேன் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன். அவள் துணிச்சலான பெண், தாள் பொய் சொல்லக் கூடாது என்று. ஆனால் முதல் விடை மட்டும் யாருடையது? வீட்டில் ஹயா (நாணம்), ஹயா என்று கேட்டு வளர்ந்தவள், தன்னைத் தயங்குகிறவள் என்றே நினைத்திருக்கலாம். அதுவும் அவள்தானே? ஆபாவின் வாக்கியத்துக்கும் 'ஆம்' என்றே போட்டிருக்கலாம். ஒருத்தியை வைத்து ஒரு 'தி'யின் மேல் பழி போட முடியாது. அப்படிச் சொல்லிக்கொள்ளும்போதெல்லாம், கேள்வியிலேயே போட்டிருக்கு என்று அவள் சொன்னது காதில் விழுகிறது.

கணினியில் இரண்டாவது விடையைத்தான் ஏற்றினேன்.

அன்று சாயங்காலம் ஆபா கேட்டார்: "பொண்ணுங்க தாள் எப்படிப் போச்சு பேட்டி?"

"நல்லாப் போச்சு ஆபா" என்றேன்.