லேத் இடம் மாறுகிறது

ஜூலை 31

கும்பகோணத்துப் பட்டறையைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். சின்ன மெஷின்கள் எல்லாம் நாச்சியார்கோவில் போய்ச் சேர்ந்துவிட்டன. நிற்பது இரும்பைக் கடைகிற ஆறடி லேத் மெஷின் ஒன்றுதான், எப்படியும் ஒரு டன்னுக்கு மேல் இருக்கும். இன்று ஆயிலை வடித்து, கடைகிற இரும்பைப் பிடித்துச் சுற்றும் 'சக்'கைக் கழற்றி, பெட் என்கிற நீள அடிச்சட்டம் முழுக்க கிரீஸ் தடவி உடனே தார்ப்பாயால் மூடிவிட்டேன். அடிக்கிற ஆடிக்காற்றுக்கு, புழுதி கிரீஸில் ஒட்டினால் அது உப்புத்தாள்தான்.

ஆகஸ்ட் 1

லோடுமேன்கள் வந்ததுமே லீட் ஸ்க்ரூவுக்கு, அதாவது மரை வெட்டும்போது வெட்டுளியை நகர்த்துகிற நீள மரைத்தண்டுக்கு அடியில் கயிறு விடப் பார்த்தார்கள். "அண்ணே, அந்த ராடு பக்கமே போகாதீங்க" என்றேன். "இத்தாந்தண்டி இரும்பு, என்ன ஆயிடும் தம்பி?" என்றார் மேஸ்திரி. லேத் விழுந்து உடைவதைப் பற்றித்தான் எல்லோருக்கும் பயம். என் பயமெல்லாம் அந்த ராடு லேசாக வளைவதுதான், அப்புறம் அதில் வெட்டுகிற மரை எதுவும் உருப்படாது.

தூக்குகிற பெல்ட்டை பெட்டுக்கு அடியில் கொடுத்து, ராடுகளில் உரசாதபடி மரக்கட்டை வைத்தோம். கனமெல்லாம் சக் சுற்றுகிற தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக் பக்கம் என்பதால், வெட்டுளியைத் தாங்கும் கேரேஜையும் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கையும் எதிர்முனைக்குத் தள்ளி இறுக்கிவிட்டு, செயின் பிளாக் என்கிற சங்கிலிக் கப்பியில் நாலு விரற்கடை மட்டும் தூக்கி, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து இறக்கி, பெல்ட்டை நகர்த்தி மறுபடி தூக்கி... மேஸ்திரிக்குப் பொறுமை போய்விட்டது. போகட்டும். வாசல் வரை குழாய்களை உருளையாகப் போட்டுத் தள்ளினோம், கடப்பாரை அடித்தளத்தில் மட்டும்தான்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. ஊரே அரசலாற்றங்கரையில் இருக்கிறது, வேலைக்கு யார் வருவார்கள்? நாச்சியார்கோவில் பட்டறைக்கு வந்துவிட்ட லேத்துக்குத் தனியாக கரண்ட் இணைப்பைப் பார்த்தேன். இது மரை போட்டு முடுக்குகிற சக், மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் கழன்று பறக்கும். அதனால் சக்கை மாட்டாமல் ஓட்டினேன். நினைத்தபடியே தலைகீழ். மூன்று பேஸ் கரண்ட் வயரில் இரண்டை மாற்றிப் போட்டதும் சரியானது.

ஆகஸ்ட் 9

கொத்தனார் ரசமட்டம் இதற்கு ஆகாது. மீட்டருக்கு 0.02 மி.மீ. சாய்வைக்கூடக் காட்டுகிற லெவலை இரவல் வாங்கி, பெட்டின் இரு முனையிலும் குறுக்கே வைத்துப் பார்த்தால் சின்ன முறுக்கு தெரிந்தது. இதை விட்டால் உருளை கடைந்தால் கூம்பாக வரும். போல்ட்டைத் தளர்த்தி, ஒரு காலடியில் மெல்லிய தகடு கொடுத்ததும் நேரானது. ஆனால் நம்மூர் களிமண் காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் உப்பும், மேலே கான்கிரீட் போட்டாலும் தரை அசையத்தான் செய்யும். ஐப்பசி மழைக்குப் பிறகு இன்னொரு தடவை லெவல் வைக்க வேண்டும். நாளை ஒரு பம்ப்செட் ஷாஃப்ட் வேலை வருகிறது.